நோய் அரிது, நீதியும் அரிதோ?

இலங்கையில் வைத்தியம் இலவசம் என்பது ஆட்சிபீடம் ஏறும் ஒவ்வொருவரும் தவறாது ஓதும் மந்திரம். அது வெறும் பொய்யென்று நாம் கூறமாட்டோம். 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சலால் ஊர் ஊராகப் பிணங்களைச் சுமந்த இந்நாடு, 2016ஆம் ஆண்டிலே மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. வீடு வீடாக நடந்த மருத்துவமாதும், கிணறு கிணறாகப் பார்த்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அந்த வெற்றிக்கு உரியவர்கள். அவர்களுக்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆயின் அந்தப் படை ஆயிரக்கணக்கானோரைத் தாக்கும் நோயுடன் போர் புரிவதற்கென அணிவகுக்கப்பட்ட படை. ஊருக்கு ஒருவரை, மாவட்டத்துக்கு ஒரு சிலரைத் தேடிப் பிடிக்கும் நோயின் முன் அது திகைத்து நிற்கின்றது. அந்த நோயாளிக்குப் பெயர் சொல்லத்தக்க வைத்திய நிபுணர் எங்கே இருக்கிறார், அவரிடம் செல்லும் வழி எது, அவர் பேசும் மொழி என்ன, போய்வரும் செலவை யார் கொடுப்பது என்ற கேள்விகளுக்கு இலவச வைத்தியம் விடை கூறவில்லை. வாசல் திறந்திருக்கிறது என்கிறார்கள். வாசலுக்குப் போகும் பாதை எங்கே என்று நாம் கேட்கிறோம்.

அரிய நோய் என்றால் யாரோ எவரோ என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பத்தாயிரம் பேரில் ஐவருக்கு மேற்படாதோரைப் பீடிக்கும் நோயை அரிய நோய் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரையறுத்திருக்கிறது. இவ்வகை நோய்கள் ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை. உலக மக்களில் ஆகக் குறைந்தது 3.5 சதவீதத்தினர், அதாவது 30 கோடிப் பேர் வரையில், இவற்றுள் ஏதோ ஒன்றுடன் வாழ்கின்றனர் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. அதே விகிதத்தை 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு கண்ட 2 கோடி 17 இலட்சம் இலங்கையருக்குப் பிரயோகித்துப் பாருங்கள். ஏழரை இலட்சம் பேர்! யாழ்ப்பாண மாவட்டத்தின் முழுச் சனத்தொகையிலும் இது அதிகம். நோய் ஒவ்வொன்றும் அரிது, நோயாளர் அரியரல்லர். இந்நோய்களில் பெரும்பாலானவை பரம்பரை வழி வருபவை. குழந்தைப் பருவத்திலேயே தலைகாட்டுபவை.

இத்தகைய நோயாளிக்கு நிபுணர் ஏன் வேண்டும்? சாதாரண வைத்தியர் போதாரா? மூன்று உதாரணங்களை மட்டும் வாசகர் முன் வைக்கிறோம்.

வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. 1912ஆம் ஆண்டிலே அதனை விவரித்த வைத்தியரின் பெயரால் அது வழங்குகிறது. உணவிலுள்ள செப்பை உடலினின்றும் கழிக்க ஈரலுக்கு இயலாமற் போகிறது. செப்பு ஈரலிலும் மூளையிலும் படிகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கை நடுங்குகிறது, பேச்சுக் குழறுகிறது, முத்து முத்தாக எழுதிய கையெழுத்துக் கோணலாகிறது, குணம் மாறுகிறது. சோம்பேறி என்கிறது பள்ளிக்கூடம். பேய் என்கிறது அயல். பூசாரி நூல் கட்டுகிறார். கண் மஞ்சளித்தால் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கப்படுகிறது. நோயை அறிந்த நிபுணரோ கருவிழியின் ஓரத்தில் படிந்த பழுப்பு வளையத்தைத் தேடுகிறார். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பிக்கிறார். நோயின் பெயரைச் சொல்கிறார். 1956ஆம் ஆண்டிலே ஜோன் வோல்ஷ் என்னும் ஆங்கில வைத்தியர் பெனிசிலமைன் என்ற மருந்தை இந்நோய்க்கு அறிமுகப்படுத்தினார். அன்று தொட்டு இது மருந்துள்ள நோய். காலத்தோடு தொடங்கி, வாழ்நாள் முழுவதும் விடாது மருந்துண்டால் அந்தப் பிள்ளை படிக்கலாம், உழைக்கலாம், குடும்பம் நடத்தலாம். காலந் தாழ்த்தினால் ஈரலும் மூளையும் கெட்டுச் சாகலாம். அந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் நிற்பது ஒரு நிபுணரின் கண்.

இரண்டாவது, ஹீமோபீலியா என்னும் குருதி உறையா நோய். இதன் பிரதான வகை ஏறத்தாழ ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவரைப் பீடிப்பது. இந்நோயாளிக்குக் காய்ச்சலென்று சதையிலே ஊசி போட்டால் அந்தச் சதைக்குள் இரத்தம் கசியும். நோவென்று அஸ்பிரின் கொடுத்தால் கசிவு கூடும். முன்னேற்பாடின்றிப் பல்லைப் பிடுங்கினால் இரத்தம் நிற்காது. முழங்காலுக்குள் மீண்டும் மீண்டும் கசிந்தால் இளவயதிலேயே கால் முடங்கும். பிறர்க்கு உதவியாகும் கை இவனுக்கு அறியாமலே தீங்கு செய்துவிடும்.

மூன்றாவது, மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோய். காலையிலே நன்றாயிருந்த பெண்ணுக்கு மாலையிலே இமை சரிகிறது. மென்று கொண்டிருக்கையில் தாடை ஓய்கிறது. சோறு தொண்டையில் நிற்கிறது. வேலைக்கள்ளி என்று வீட்டார் வைகிறார்கள். இதற்கும் மருந்துண்டு. ஆனால் வேறு நோய்க்கென்று கொடுக்கும் சிலவகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இவளுடைய மூச்சுத் தசைகளையே தளர்த்திவிடக்கூடும் என்பதை அறிந்தவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

இவற்றிலெல்லாம் பிரதேச வைத்தியசாலையின் வைத்தியரைக் குற்றங் கூற நாம் முன்வரவில்லை. வரிசை வரிசையாக நோயாளர் நிற்க, உள்ள மருந்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அவர், வில்சன் நோயைத் தம் தொழில்வாழ்வில் ஒருமுறை காணலாம். காணாமலும் ஓய்வு பெறலாம். ஒருவர் ஆறாயிரம் நோய்களையும் அறிந்திருத்தல் ஆகாத காரியம். ஆதலினாலேதான், அறிந்தவரிடம் நோயாளியைச் சேர்ப்பிக்கும் ஒழுங்கு வேண்டும் என்கிறோம். அந்த ஒழுங்கைச் செய்ய வேண்டியது வைத்தியரின் கடனன்று, அரசாங்கத்தின் கடன்.

இது எமது கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ மூவாயிரம் ஹீமோபீலியா நோயாளரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அந்நோய்க்கென அமைந்த நிபுணர் நிலையங்களில் சிகிச்சை பெற்றோர் இறக்கும் அபாயம், வேறிடங்களில் சிகிச்சை பெற்றோரிலும் 40 சதவீதம் குறைவாயிருந்தது. நோயின் கடுமையைக் கணக்கிற் சேர்த்த பின்னரும் அந்த வேறுபாடு மறையவில்லை. அதே நாடு, அதே நோய். அறிந்தோர் ஒன்றுகூடிப் பார்த்த இடத்திலே உயிர்கள் மிஞ்சின. இனி ஐரோப்பாவைப் பாருங்கள். செல்வமும் சாலைகளும் நிறைந்த அக்கண்டத்திலேயே அரிய நோயாளி தன் நோயின் பெயரை அறிவதற்குச் சராசரி ஐந்து ஆண்டுகள் வரையில் செல்கின்றன என்று 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. அங்கே ஐந்து ஆண்டென்றால் வன்னியிலே எத்தனை ஆண்டு?

முல்லைத்தீவில் நெற்செய்கை பண்ணும் ஒரு கமக்காரரையும் அவருடைய நோயுற்ற மகனையும் எண்ணிப் பாருங்கள். வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களுக்கும் உள்ள போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில் ஒன்றே. அதற்கும் அப்பால் அனுப்பினால் கொழும்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர் வரையில். மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். முதல்நாள் இரவு பேருந்தேற வேண்டும். விடியற்காலை இறங்கி இலக்கம் எடுக்க வேண்டும். நிபுணர் பார்க்கும் சில நிமிடத்துக்குப் பின்னர், சோதனைகளைச் செய்துகொண்டு அடுத்த மாதம் வரும்படி சொல்லப்படும். வைத்தியம் இலவசந்தான். பேருந்து இலவசமா? தங்கும் அறை இலவசமா? அறுவடை நாளில் வயலை விட்டுப் போன இழப்பை யார் ஈடு செய்வார்? மூன்றாவது பயணத்தில் அவர் களைத்துவிடுகிறார். அல்லது கடன்பட்டு, அதே நிபுணரை மாலை வேளையில் தனியார் வைத்தியசாலையில் பணம் கட்டிப் பார்க்கிறார். இவ்வாறு இலவச வைத்தியம் ஏட்டுச் சுரைக்காயாய்ப் போகிறது.

அடுத்தது மொழி. அரிய நோயை இயந்திரம் கண்டுபிடிப்பதில்லை. நோயாளி சொல்லும் கதையே நிபுணருக்கு முதற் சான்று. எப்போது தொடங்கிற்று, எந்த வேளையில் கூடுகிறது, தாய்வழியில் எவருக்கேனும் இருந்ததா, பெற்றோர் நெருங்கிய உறவினரா என்று நுணுகிக் கேட்டே அவர் தடம் பிடிக்கிறார். அந்தக் கதையைத் தமிழ் மட்டுமே அறிந்த தாயிடமிருந்து, தமிழறியாத நிபுணர், வழியில் அகப்பட்ட ஓர் ஊழியரைக் கொண்டு கேட்டால் மிஞ்சுவது என்ன? நீதிமன்றத்திலே சாட்சியின் மொழி தெரியாவிடின் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் இன்றி ஒரு வார்த்தையும் பதிவாகாது. அடிதடி வழக்குக்குள்ள அந்தப் பாதுகாப்பு ஒரு குழந்தையின் உயிருக்கு இல்லையா? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அரசகரும மொழி கச்சேரிப் பலகைக்கு மட்டுந்தானா?

அதே 13ஆவது திருத்தம் வைத்தியத்தை இரண்டாகப் பிரித்தது. மாகாண வைத்தியசாலைகள் மாகாண சபைக்கு. போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்கான வைத்தியசாலைகளும் மத்திக்கு. விசேட வைத்திய நிபுணரை எங்கே நியமிப்பது, எப்போது இடமாற்றுவது என்ற அதிகாரமும் மத்தியின் கையிலே. நோயாளியோ மாகாணத்தில் தொடங்கி மத்தியில் முடிய வேண்டியவர். இரண்டு வேலிகளுக்கும் நடுவே விழுந்தவரைத் தூக்குவது யார் பொறுப்பு? வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கேள்வி கேட்கும் சபைகூட இல்லாத இடத்தில் மறுமொழி எங்கிருந்து வரும்?

இவற்றுக்கு மேல் வந்தது 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி. மருந்து தட்டுப்பட்டது, வைத்தியர்கள் கூட்டங் கூட்டமாகக் கடல் கடந்தார்கள். ஒரு பொது வைத்தியர் போனால் இன்னொருவர் அவ்விடத்தை ஒருவாறு நிரப்பலாம். ஓர் அரிய நோயை அறிந்த நிபுணர் நாட்டில் இருவரே இருந்து, ஒருவர் போனால் பாதி அறிவு போய்விட்டது. அத்தகைய நேரத்திலேதான் அரச ஊழியர் யாவருக்கும் ஓய்வு வயது 60 என்று விதி வகுத்து, அனுபவம் முதிர்ந்த நிபுணர்களையும் அதனுள் அடக்க முயன்றார்கள்; நிபுணர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவோரைக் கண்டிருக்கிறோம். பானையின் அடியைத் தாமே தட்டி உடைப்போரை அப்போதுதான் கண்டோம்.

ஒரு சிலருக்காக இத்தனை செலவா என்று திறைசேரிக் கணக்கர் கேட்பார். அப்பணத்தில் ஆயிரம் பேருக்கு மருந்து கொடுக்கலாமே என்பார். இந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ஏழை நாட்டில் ஒவ்வொரு சதமும் எண்ணப்பட வேண்டியதே. ஆனால் எதனோடு எதை எண்ணுகிறார்கள்? பெயரறியா நோயாளி செலவின்றி இருப்பதில்லை. ஆண்டுக்கணக்காக வைத்தியசாலைக்கு வைத்தியசாலை அலைகிறார். வேண்டாத சோதனைகளும் பொருந்தாத மருந்துகளும் அவர்மேல் செலவாகின்றன. ஈற்றில் முடமாகிக் குடும்பத்தின் தோளில் விழுகிறார். சரியான நிபுணரின் அரைமணி நேரம் இவற்றைவிட மலிவு.

செலவுக்கும் அப்பால் ஒரு நீதி இருக்கிறது. சட்டத்தின் முன் யாவரும் சமம், சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு யாவரும் உரித்துடையர் என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. சுகாதார உரிமை என்று தனியாக ஒன்றை அடிப்படை உரிமைகளின் அத்தியாயம் எழுதி வைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் ஒவ்வொருவரும் அடையக்கூடிய அதியுயர்ந்த உடல் உள நலத்துக்கு உரித்துடையவர் என்று கூறும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையை இலங்கை 1980ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்டது. அரிய நோயாளரின் இடர் தீர்க்கும்படி ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2021 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 மே மாதத்தில் உலக சுகாதார மகாசபை அரிய நோய்களை உலகளாவிய முன்னுரிமை என்று ஏற்றது. வெளிநாட்டு மண்டபங்களில் கை உயர்த்துவோர் உள்நாட்டில் கை கட்டி நிற்பது தகுமா?

சட்டத் துறையில் உள்ள ஓர் ஒழுங்கை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். ஒருவனுடைய காணி வழக்கு எத்துணை வினோதமானதாயினும், இது அபூர்வமான வழக்கு, உனக்கு நீதி இல்லை என்று எந்த நீதவானும் கூறுவதில்லை. மாவட்ட நீதிமன்றில் தீராதது மேன்முறையீட்டில் தீர்கிறது. எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கிறது. வழக்கேடு அவனோடு மேலே செல்கிறது. அவன் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. அதுமட்டுமா? மாவட்ட நீதிமன்றின் ஒவ்வொரு தீர்ப்புக்கும் கொழும்புக்கு ஓடும் துன்பத்தை நீக்க, 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்குக் குடியியல் மேன்முறையீட்டு அதிகாரத்தை அளித்தது. காணி எல்லைக்காக நீதி யாழ்ப்பாணம் வரை வந்தது. உயிருக்காக வைத்தியம் ஏன் வரக்கூடாது?

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, எந்த அரிய நோய்க்கு எந்த வைத்தியசாலையில் எந்தப் பிரிவு பொறுப்பு என்பதை மும்மொழியிலும் பிரசித்தஞ் செய்து, நாட்டின் கடைசிப் பிரதேச வைத்தியசாலை வரை அனுப்ப வேண்டும். இரண்டாவது, நோயை இனங்காண முடியாத வைத்தியர் நோயாளியை நிபுணரிடம் அனுப்புவது சலுகையாக இராது, கால எல்லையுடன் கூடிய உரிமையாக வேண்டும். நோயேடும் கூடவே செல்ல வேண்டும். மூன்றாவது, கொழும்பு நிபுணர்கள் குறித்த நாட்களில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கிளினிக் நடத்துவதை அவர்களுடைய உத்தியோகக் கடமையின் பகுதியாக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் உள்ளூர் வைத்தியர் நோயாளியை அருகில் இருத்திக்கொண்டு, தொலைத் தொடர்பு மூலம் நிபுணரின் ஆலோசனையைப் பெற வசதி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2017ஆம் ஆண்டில் அரிய நோய்களுக்கென 24 நிபுணர் வலையமைப்புகளைத் தொடங்கியது இதே கொள்கையின் பேரில்: இயன்றவரை அறிவு பயணஞ் செய்யட்டும், நோயாளி வீட்டில் இருக்கட்டும். நான்காவது, கொழும்பு கிளினிக்குகளில் பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரும், தூரத்து நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் பயண ஆணைச்சீட்டும் வேண்டும். ஐந்தாவது, நோயின் பெயரையும் செய்யத்தகாத சிகிச்சையையும் மும்மொழியிலும் எழுதிய அட்டையொன்று ஒவ்வொரு அரிய நோயாளியின் சட்டைப் பையிலும் இருக்க வேண்டும். இதற்கு அந்நியச் செலாவணி வேண்டுமா? கடதாசியும் மனமும் போதும்.

அரசாங்கத்தை மட்டும் கடிந்துவிட்டு அமர்வது நேர்மையாகாது. நமது ஊர்களிலே நோயுற்ற பிள்ளையை மறைத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. வெளியிலே தெரிந்தால் மூத்தவளின் சம்பந்தம் குழம்பிவிடுமாம். மறைத்த நோய் மறைந்துபோவதில்லை. அடுத்த பிள்ளையிலே திரும்பி வருகிறது. மச்சான் மச்சாள் விவாகம் நம்மிடையே பழையது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள், நெருங்கிய உறவினர் மணக்கும்போது வெளிப்படும் வாய்ப்புக் கூடும் என்பதும் அறிவியல். இதைச் சொல்வது எவரையும் பழிக்க அன்று. பிறப்புரிமையியல் ஆலோசனை சொல்லும் வைத்தியரும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டத்தரணிகளுக்கு ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. நம் மாகாணங்களில் எத்தனை நிபுணர் பதவிகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன, எத்தனை வெறிதாயுள்ளன, எவ்வளவு காலமாக வெறிதாயுள்ளன என்று எழுத்திலே கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது தீர்மானத்தைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆசிரியர்களே, திடீரென்று கையெழுத்துக் கெட்ட பிள்ளையைத் தண்டிக்குமுன் வைத்தியரிடம் அனுப்புங்கள். வைத்தியர்களே, தெரியாத நோயைத் தெரியாதென்று எழுதி அனுப்புவது உங்கள் தொழிலுக்கு இழுக்கன்று, பெருமை. கமக்காரப் பெருமக்களே, பழைய மருந்துத் துண்டையும் சோதனைத் தாளையும் காணி உறுதியைப் போலப் பெட்டியிலே பத்திரப்படுத்துங்கள். நிபுணரின் முன் அவையே உங்கள் சாட்சிகள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், நெல்லின் விலையைக் கேட்ட அதே வாயால் இதையும் கேளுங்கள்.

தங்களுக்கு நோய் வந்தபோது சிங்கப்பூருக்குப் பறந்த ஆட்சியாளரை இந்நாடு கண்டிருக்கிறது. நிபுணரின் அருமை அவர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தவர்கள், தமக்கென்று விமானம் ஏறியவர்கள், முல்லைத்தீவுக் கமக்காரரின் மகனுக்கு ஒரு கிளினிக் நாளை ஒதுக்க மறுப்பாராயின் அதற்குப் பெயர் வறுமையன்று, பாராமுகம். வறுமையைப் பொறுத்துக்கொள்ளும் மக்கள் பாராமுகத்தைப் பொறுக்க வேண்டியதில்லை.